நாற்காலியில் இலோனா அம்மா

எதை வேண்டுமானாலும் கொடுப்பேன், சுவரில் மாட்டியிருக்கும் அந்த ஒரு போட்டோவை மட்டும் கொடுக்க மாட்டேன். அந்த வெள்ளைக்காரத் துரை திண்டுக்கல்லில் ரயிலை விட்டு இறங்குவதற்கு முன்பே முடிவு செய்து, தம்பி ராயப்பராஜிடமும் சொல்லிவைத்திருந்தேன்.

இலோனா அம்மா தன் நாட்டில் பேர்போன நாடக நடிகை, சினிமாவிலும் நடித்தவர். யுத்தத்தில் எல்லாவற்றையும் இழந்து கொடைக்கானலுக்கு வந்தார். மலைக்குளிர் ஒத்துக்கொள்ளாமல் திண்டுக்கல்லில் எங்கள் வீட்டு மாடிக்குக் குடிவந்து, கடைசிவரை எங்களோடுதான் இருந்தார். முன்கோபக்காரி. எனக்கும் கோபம் மூக்குநுனியில் என்பதால் ஒத்துப்போயிற்று. 1957 தவக்காலத்தில் இறந்துபோனார். மறுவருஷம் அவருடைய கடிதங்களையும் படங்களையும் அந்த ஊர் நாடக ஆவணக் காப்பகத்துக்காக வாங்கிப்போக இந்தத் துரை வந்தார். உயிரோடிருந்தபோது ஒரு கார்டு போட நாதியில்லை, செத்தபிறகு காகிதம் வேண்டுமாம்.

துரை தரையில் உட்கார்ந்து அம்மாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தார். ஒவ்வொரு தாளையும் அவர் பதமாகத் தொட்டதைப் பார்த்து எனக்குக் கோபம் கொஞ்சம் தணிந்தது. விஷம் குடித்த ராணியாக, காய்ச்சலில் போகும் சிப்பாய் மனைவியாக, படத்துக்குப் படம் அம்மா செத்துக்கிடந்தார். மேடையில் செத்துச் செத்தே பேர் வாங்கியவர்.

அப்புறம் துரை சுவரைப் பார்த்தார்.

கல்லறைக்குத் தூக்குவதற்கு முன், இறந்தவரை நாற்காலியில் உட்காரவைத்து மாலை போட்டு, வீட்டார் சுற்றி நின்று படம் எடுத்துக்கொள்வது எங்கள் வழக்கம். மேக்கப் இல்லாமல் கேமரா முன்னால் வரமாட்டாரே என்று நான்தான் பவுடர் பூசி, உதட்டுச்சாயம் போட்டு, சின்னாளப்பட்டிச் சேலையும் உடுத்திவிட்டேன். ஒருபக்கம் நான், மறுபக்கம் ராயப்பராஜ், பின்னால் கைக்குழந்தையோடு அவன் மனைவி அமலராணி.

துரை கிட்டப்போய் ரசித்துப் பார்த்தார். இது எந்த நாடகம் என்று இங்கிலீஷில் கேட்டார். அவர் நடித்த சாவுகளிலேயே இதுதான் உசத்தி என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. நாடகம் இல்லை, நிஜமாகவே போய்விட்டிருந்தார் என்றேன். துரைக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டார். அந்நிய தேசத்தில் கண்ணை மூடிவிடக்கூட ஆளில்லாமல் அநாதையாகச் செத்தார் என்றுதான் தங்கள் ஊரில் எல்லோரும் நம்புவதாகவும், காப்பகக் குறிப்பில் தானும் அப்படியே எழுதிவிட்டதாகவும் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

அநாதையா? கண்ணை மூடிவிட்டது என் கை. குழியில் முதல் பிடி மண் போட்டவன் என் தம்பி. எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. அவர் முன்னாலேயே அழுதேன்.

பிறகு ஸ்டூலில் ஏறிப் படத்தைக் கழற்றினேன். ராயப்பராஜ் ஓடிவந்து கையைப் பிடித்தான்.

"என்னக்கா செய்றீக? வேற படம் இல்லக்கா. ஸ்டூடியோக்காரன் நெகட்டிவ் கண்ணாடியக் கழுவிட்டான்."

"அவுக எப்படிப் போனாகன்னு நமக்குத் தெரியும்ப்பா. அங்க இருக்கவுகளுக்குத் தெரியணும்ல?"

கையை விட்டுவிட்டான். துரை சட்டத்திலிருந்து படத்தை எடுத்து, பின்பக்கம் எழுதப் பேனாவைத் திறந்தார். யார் யார் என்று கேட்டார், பேர்களைச் சொன்னேன். ஒவ்வொருவரும் அம்மாவுக்கு என்ன உறவு என்று கேட்டார். குடியிருந்த வீட்டுக்காரர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. துரை கேட்டதைத் தம்பியிடம் தமிழில் சொன்னேன். அவன் வெறும் ஆணி நின்ற சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னைய மகன்னு எழுதச் சொல்லுங்கக்கா."

அப்படியே துரையிடம் சொன்னேன். அவர் எழுதி முடித்ததும், என் பேருக்குப் பக்கத்தில் மகள் என்று எழுதச் சொன்னேன்.