பாதியில் நின்ற கை

1.

இந்தக் கதை ஒரு காட்டெருமையால் வந்தது. குன்னூரிலிருந்து கோத்தகிரி போகும் சாலையில் பஸ்ஸை மறித்துக்கொண்டு அது பாட்டுக்கு நின்றது. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டார். ஜன்னல் வழியே கீழே பார்த்தேன். ஒரு டென்னிஸ் ஆடுகளம், இரண்டு பெண்கள். இந்தப் பக்கத்துப் பெண் ஒரு கையில் மட்டையைத் தொங்கவிட்டு, இன்னொரு கையைப் பாதி தூக்கியபடி நின்றாள். டென்னிஸில் விரல் மேலே போனால் பந்து வெளியே. உள்ளங்கை தரையைப் பார்த்தால் உள்ளே. அவள் கை இரண்டுக்கும் போகவில்லை. அப்போது பார்த்துத்தானா அந்தக் காட்டெருமைக்கு மனம் இரங்க வேண்டும்? அது நகர்ந்தது, பஸ்ஸும் கிளம்பிவிட்டது. சனியன், இன்னும் ஒரு நிமிஷம் நின்றிருக்கக் கூடாதா! அன்றிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை.

2.

முதல் வரியை இப்படி எழுதினேன்: ‘மேகம் தழுவும் மலைகளின் நடுவே ஒரு கனவு...’ தூ. மேகத்தைப் பற்றி இங்கே யார் பேசுகிறார்கள்? ஆடுகளம் காய்ந்ததா என்றுதான் கேட்பார்கள்.

அடுத்தது: ‘ஜெபிஷாவுக்கு இருபத்தெட்டு வயது. பிரதானச் சுற்றில் அவள் ஒருமுறைகூட ஆடியதில்லை.’ இது தேவலாம். இதைப் பிடித்துக்கொண்டே போகிறேன்.

அவள் கோத்தகிரி பக்கத்து அரவேணுக்காரி. தொழில்முறைப் போட்டிகளில் பெயர் பெற்றவர்கள் நேராகப் பிரதானச் சுற்றுக்குப் போவார்கள். மற்றவர்கள் முன்கூட்டியே வந்து, தகுதிச் சுற்றில் முட்டி மோதி உள்ளே நுழைய வேண்டும். ஜெபிஷா பத்து வருஷமாக முட்டுகிறாள். ஊர் ஊராகப் போய்க் கடைசித் தகுதி ஆட்டத்தில் தோற்று, முழங்காலைத் தேய்த்துக்கொண்டே ரயிலில் திரும்புவாள். இந்த முறை போட்டி அவள் ஊர்ப் பக்கமே வந்திருக்கிறது. அப்பா தேவநேசன் தேயிலை ஃபேக்டரியில் சூப்பர்வைசர். லீவு போட்டுவிட்டு அவளோடு கிளம்பியவர், காலையில் இட்லித் தட்டைப் பார்த்தபடி சொன்னார்:

“இதுல உள்ள போயிட்டீன்னா ஆடு கண்ணு, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். இல்லீன்னா திங்கக்கெழம அந்த ஸ்கூல் பி.டி. டீச்சர் வேலைல சேந்துரு. அப்பனால முடியல சாமி.”

“சரிங்கப்பா” என்றாள். மட்டைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

3.

எதிராளியை முதலில் பொல்லாதவளாகத்தான் எழுதினேன். மட்டையை வீசுவாள், ஜெபிஷாவைக் கிழவி என்று முணுமுணுப்பாள். எதற்கு இந்த வேலை? பின்னால் ஜெபிஷா ஏமாற்றினாலும் நீங்கள் மன்னித்துவிடுவீர்கள் அல்லவா, அதற்குத்தான். என் தந்திரம் எனக்கே பிடிக்கவில்லை, கிழித்துப் போட்டேன்.

பதிலுக்கு வந்தவள் நாஜ்னீன். பதினேழு வயது, ஊட்டி மார்க்கெட்டில் செருப்புக்கடை வைத்திருப்பவரின் மகள். ஆட்டத்துக்கு முன்னால் பையிலிருந்து வர்க்கி பிஸ்கட் எடுத்து நீட்டினாள். ஜெபிஷா பாதி பிய்த்துக்கொண்டாள்.

இந்தத் தகுதிச் சுற்றில் கோட்டைப் பார்க்கத் தனி ஆள் கிடையாது. ஒரே நடுவர் இரண்டு ஆடுகளங்களுக்கும் மாறி மாறி நடப்பார். உன் பக்கம் விழுந்த பந்துக்கு நீயே தீர்ப்புச் சொல்ல வேண்டும். சந்தேகம் வந்தால் பந்து எதிராளிக்கு.

[முதல் செட்டில் நாஜ்னீன் பக்கம் ஒரு பந்து கோட்டோரம் விழுந்தது. அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு உள்ளங்கையைக் கீழே காட்டி, “உங்களுக்குத்தாங்க அக்கா” என்றாள். இந்த இடத்தை நான் நீக்கிவிட்டேன். நீங்களும் படிக்காததுபோல் இருந்துவிடுங்கள். ஜெபிஷாவும் அப்படி இருக்கத்தான் பார்க்கிறாள், முடியவில்லை.]

4.

கடைசித் தகுதி ஆட்டம், மூன்றாவது செட். நாஜ்னீனுக்கு இன்னும் ஒரே ஒரு புள்ளி போதும். ஓடிப்போய் எட்டி ஓர் அடி அடித்தாள், அந்த வேகத்தில் வழுக்கிக் குப்புற விழுந்தாள். பந்து ஜெபிஷாவைத் தாண்டிப் பின்கோட்டில் விழுந்தது. அல்லது கோட்டுக்கு அப்பால் விழுந்தது. சிமென்ட் தரையில் தடம் ஒன்றும் இல்லை. நடுவர் பக்கத்து ஆடுகளத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

ஜெபிஷா பார்த்தாளா? பார்த்தாள். பந்து கோட்டை ஒட்டியதுபோல் இருந்தது, ஒட்டாததுபோலவும் இருந்தது. உள்ளே என்றால் எல்லாம் முடிந்தது, திங்கட்கிழமை விசிலை மாட்டிக்கொண்டு பிள்ளைகளை வரிசையில் நிறுத்த வேண்டும். வெளியே என்றால் இன்னும் கொஞ்ச நேரம் ஆடலாம், ஜெயித்தாலும் ஜெயிக்கலாம். வெளியே, வெளியேதான் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. கை தானாக எழுந்தது. பாதி எழுந்தபோதுதான் வேலிப் பக்கம் கண் போனது. அப்பா சரியாக அந்தக் கோட்டுக்கு நேரே நின்றிருந்தார்.

5.

முடிவு ஒன்று. விரல் மேலே போகிறது. நாஜ்னீன் ஒரு வார்த்தை கேட்காமல் எழுந்து அடுத்த பந்துக்குத் தயாராகிறாள். ஜெபிஷா அடுத்தடுத்துப் புள்ளிகளை எடுத்து ஜெயித்துவிடுகிறாள். பஸ்ஸில் திரும்பும்போது அப்பா... வேண்டாம். அந்தப் பிள்ளையின் சிராய்த்த முழங்கையைப் பார்த்துக்கொண்டு மேலே எழுத முடியவில்லை.

முடிவு இரண்டு. உள்ளங்கை கீழே. கை குலுக்குகிறார்கள், ஊரே அவள் நேர்மையை... சே, நீதிபோதனை வகுப்பா நடத்துகிறேன்? பத்து வருஷத்தை விட்டுக்கொடு என்று சொல்ல நான் யார், வலிப்பது என் முழங்காலா?

முடிவு மூன்று. அப்பாவாவது சொல்லட்டும் என்று அவர் வாயைத் திறக்க வைத்தேன். மனிதர் மூடிக்கொண்டு குனிந்து செருப்பைப் பார்க்கிறார். பந்து வெளியே விழுந்திருந்தால் இந்நேரம் வேலியைப் பிடித்துக்கொண்டு கத்தியிருப்பாரே என்று ஜெபிஷா நினைக்கிறாள். ஒருவேளை அவரும் பயத்தில் கண்ணை மூடிக்கொண்டிருந்தாரோ?

6.

சந்தேகம் வந்தால் பந்து எதிராளிக்கு. எனக்குச் சந்தேகம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் சட்டம் பேசுவதில் எனக்கென்ன கஷ்டம், ஏறிப் போக எனக்கு ஒரு பஸ் இருந்தது.

நாஜ்னீன் எழுந்துவிட்டாள்.

“நான் பாக்கலீங்க அக்கா. உள்ளயா, வெளியயா? நீங்க சொன்னா சரிதான்.”

அவள் ஜெபிஷாவைப் பார்க்கிறாள். ஜெபிஷா அப்பாவைப் பார்க்கிறாள். அப்பா செருப்பைப் பார்க்கிறார். இதோ, காட்டெருமை நகர்ந்துவிட்டது, என் பஸ் கிளம்புகிறது. நீங்கள் இங்கேயே இருங்கள். அந்தப் பெண்ணுக்குக் கை வலிக்க ஆரம்பித்துவிட்டது.