தொட்ட காய்

செஸ் போட்டியின் கடைசிச் சுற்றில் சின்னவளுக்கு எதிரே வந்து உட்கார்ந்தவர் அக்கா புருஷன், அத்தான். ஜெயிப்பவருக்குத்தான் மாவட்ட அணியில் மிச்சமிருந்த ஒரே இடம். பார்வையாளர் வரிசையில் இருந்த அக்கா, யார் முகத்தைப் பார்ப்பது என்று தெரியாமல் கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினாள்.

சின்னவளுக்கு வெள்ளைக் காய். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிற வேலை அவளுக்கு; அங்கே ஒருநாளும் பிசகாத விரல். பழகிய ஃபியான்கெட்டோ அமைப்பையே ஆடினாள். குதிரைக்கு முன்னாலிருந்த சிப்பாயை ஒரு கட்டம் ஏற்றி, அந்த இடுக்கில் பிஷப்பை உட்காரவைத்து, அதன் பின்னால் ராஜாவை ஒளித்தாள்.

ஆட்டம் பாதி தாண்டியிருக்கும். குதிரையை எடுக்கப் போன கை பிஷப்பின் தலையைப் பிடித்துவிட்டது. சட்டென்று விட்டாள்.

“பாப்பா, தொட்டாச்சு,” என்றார் அத்தான்.

நடுவர் வந்தார். “தொட்டீங்களாம்மா?”

இல்லை என்றால் அத்தான் பொய்யராவார்.

“தொட்டேன் சார்.”

தொட்ட காயைத்தான் நகர்த்த வேண்டும். பிஷப் வெளியே போக, ராஜாவுக்கு முன்னால் ஓட்டை விழுந்தது. அடுத்த முறையே பிஷப்பைப் பழைய இடத்துக்கு இழுத்துக்கொண்டாள். அதற்குள் கறுப்பு ராணி நெருங்கிவிட்டது.

அத்தான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். நாள் முழுக்க ‘அவசரப்படாதீங்க’ என்று சொல்லித் தொண்டை வறண்டவர், இப்போது பொறுக்கமாட்டாமல் தன் குதிரையைத் தூக்கி, ராஜாவுக்குப் பக்கத்திலிருந்த அவள் சிப்பாயை டொக்கென்று வெட்டினார். குதிரையை வெட்டினால் ராணி உள்ளே வரும். வந்த பிறகு? திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டாள். ராணிக்குத் துணைக்கு ஆள் இல்லை. ஆனாலும் மனசு நம்பவில்லை. கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணை மூடிக் கிணற்றில் குதிப்பதுபோல் வெட்டினாள்.

ராணி வந்து ராஜாவுக்கு நேரே நின்றது. நடுவில் பிஷப் மட்டும். அவள் யானையை நகர்த்தி ராணியை விரட்டினாள். அத்தான் ஒரு குதிரை குறைவாகவே கொஞ்சநேரம் இழுத்துப் பார்த்துவிட்டு, தோல்வியை ஒப்புக்கொண்டு கையை நீட்டினார். அவள் கையைப் போலவே அதுவும் சில்லென்றுதான் இருந்தது.

அவர் வெளியே போக, அக்கா விறுவிறுவென்று பின்னாலேயே போனாள். தங்கையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சின்னவள் காய்களை அடுக்கி முடித்தும் எழுந்திருக்கவில்லை. ஜெயித்த மாதிரியே இல்லை.

முகம் கழுவிவிட்டு வந்தார் அத்தான். “பிஷப்பைத் தொட்டதை நான் கண்டும் காணாம விட்டிருக்கணுமோ?”

“கேட்டது சரிதான் அத்தான்.”

“உங்க அக்கா வராண்டாவுல வச்சு என்னைக் கிழிச்சுட்டா. வா, அதை நீயே அவகிட்ட சொல்லு.”