உள்ளங்கையில் ஒரு பட்டன்

பட்டன்காரியின் கட்டைவிரல் அழுந்திய இடத்திலெல்லாம் பட்டன் முளைக்க ஆரம்பித்தது ஒரு செவ்வாய்க்கிழமை. முதல் பட்டன் சாப்பாட்டு மேசையில் வந்தது. கறுப்பு நிறம், அமுக்கினால் ‘டிக்’ என்றது. புதனன்று பீரோ கதவில் இரண்டு, வியாழனன்று சோப்பில் ஒன்று. சோப்பில் வந்தது அன்றைக்கே கரைந்துபோயிற்று. தெருவில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கையில் பிடித்து ஆடும் கேம் மெஷின் செய்கிற ஃபேக்டரியில், மெஷினுக்கு எட்டுப் பட்டன், பட்டனுக்கு ஐம்பது அமுக்கு என்று இருபத்திரண்டு வருஷம் சோதித்த விரல் வேறென்ன செய்யும் என்றார்கள்.

சங்கடம் வீட்டுக்குள் இருந்தது. வெல்டராக இருந்த அவள் புருஷனுக்குப் பார்வை போய் ஆறு வருஷம். பொழுதன்னைக்கும் அவருக்குத் துணை அந்த மெஷினில் ஓடும் கார் ரேஸ்தான். எஞ்சின் உறுமலைக் கேட்டே வளைவைக் கண்டுபிடிப்பார், பட்டனைத் தடவியே வண்டியைத் திருப்புவார். கண்ணுள்ளவர்கள் அவரிடம் தோற்றுவிட்டு மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு போவார்கள். அப்படிப்பட்ட மனுஷனின் கையைப் பிடித்துப் படி இறக்கிவிட இப்போது அவளுக்குப் பயம். அவர் உடம்பில் முளைத்துவிட்டால் என்ன செய்வது? கட்டைவிரலை மடக்கிக்கொண்டு, ஒரு துண்டின் முனையை அவரிடம் கொடுத்து நடத்திக் கூட்டிப்போனாள். கோபமா என்று கேட்டார். அதெல்லாம் ஒன்றுமில்லை என்றாள்.

அந்த மாசமே ஃபேக்டரி மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டு, கேம் மெஷின் லைனை மூடப்போவதாகச் சொன்னார். நல்ல மனுஷன், குரல் கம்மித்தான் சொன்னார். ஆளாளுக்கு ஃபோன் இருக்கிறது, கேமும் அதிலேயே இருக்கிறது, இன்னொரு மெஷினை எவன் சுமப்பான், கண்ணை மூடிக்கொண்டா ஆடப்போகிறார்கள் என்றார்.

“எங்க வீட்ல ஒருத்தர் அப்படித்தான் ஆடுறார்” என்றாள் பட்டன்காரி. ஆனாலும் லைன் மூடியது.

மூன்றாம் வாரம் வெல்டரின் மெஷினில் இடதுபக்கப் பட்டன் உள்ளே போய்விட்டது. மாற்றச் சாமான் எங்கேயும் இல்லை. அதே ரேஸை ஃபோனில் ஏற்றிக் கொடுத்தாள். கண்ணாடியை இப்படியும் அப்படியும் தடவினார். எங்கே தொட்டாலும் ஒரே மாதிரி இருக்கிறதே என்று சொல்லிக் கீழே வைத்துவிட்டார். அப்புறம் ஒன்பது நாள் ஜன்னலோரம் சும்மாவே உட்கார்ந்திருந்தார்.

பத்தாம் நாள் ஃபோனை எடுத்து, பழைய மெஷினில் இருந்த அதே இடங்களில் எட்டு முறை அமுக்கினாள். கண்ணாடியில் கீறல் விழவில்லை. எட்டும் வரிசையாக முளைத்தன. வெல்டர் தடவிப் பார்த்தார். அன்று மத்தியானத்துக்குள் பதினோரு ரேஸ் ஜெயித்தார். பிறகு ஃபோனை வைத்துவிட்டு உள்ளங்கையை நீட்டினார்.

“மேசை, பீரோ எல்லாத்தையும் எப்பவோ தடவிப் பார்த்துட்டேன். எல்லாத்துக்கும் வச்சே, எனக்கு மட்டும் ஒண்ணு வைக்க மாட்டியா?”

அவள் அழுதுகொண்டேதான் அமுக்கினாள். வலிக்கவில்லை என்றார். துண்டு மறுபடி கொடிக்குப் போனது.

விஷயம் காதுக்கு எட்டியதும் மேனேஜர் மூடிய லைனில் ஒரு மேசையை மட்டும் திறந்தார். பட்டன் வேண்டும் என்கிறவர்கள் ஃபோனைக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள், நாளைக்கு நாற்பது வரை ஆகிறது. வேலைக்கு நடுவே அவள் கட்டைவிரல் சில சமயம் தானாக ‘டிக்’ என்னும். வீட்டில் கூப்பிடுகிறார் என்று பக்கத்தில் சொல்லிவிட்டு ஃபோன் போடுவாள். அவசரம் ஒன்றும் இருக்காது. சும்மாத்தான் அமுக்கினேன் என்பார்.