ஏழு கத்திகளின் நுனி

அருங்காட்சியகத்திலிருந்து வந்த தோல் பெட்டியில் ஏழு பழைய சவரக்கத்திகள் இருந்தன. கிழமைக்கு ஒன்று. ஒவ்வொன்றின் முதுகிலும் கிழமையின் பெயர் பொறித்திருந்தது. விரல் வழுக்காமலிருக்கக் கத்தியின் கழுத்துக்கு அடியில் எலிப் பல் மாதிரி வரிகள் கீறியிருந்தார்கள். அலகின் நுனியில், நகத்தால் கிள்ளி எடுத்ததுபோல் பிறை வடிவில் ஒரு சிறு வெட்டு. மடித்த கத்தியை விரல் கொடுத்து நிமிர்த்த என்பார்கள் சிலர். வெறும் அழகுக்கு என்பார்கள் சிலர்.

"துருவை மட்டும் எடுங்கம்மா. உருவம் மாறக்கூடாது. இது சரியா வந்துட்டா உங்களையே இங்க வேலைக்கு எடுத்துக்கறோம்" என்று அருங்காட்சியக அதிகாரி அம்மாள் அவளிடம் சொல்லியிருந்தார்.

அன்று சாப்பிடும்போது அவள் எல்லாவற்றையும் கணவனிடம் கொட்டினாள். கல்யாணமான நாளிலிருந்து அவனுடைய சாணைக் கடையில் கத்தரி தீட்டுபவள். இவ்வளவு பேசி அவன் பார்த்ததில்லை.

"அந்த நுனி வெட்டுதாங்க விசேஷமே."

"ம்."

"வேலை கிடைச்சா காலையில போயிட்டு சாயங்காலம்தான் வருவேன்."

"ம்" என்றான், தட்டைப் பார்த்தபடி.

எண்ணெயும் துணியுமாகத் தேய்த்துத் துருவை எடுத்து முடித்தாள். கடைசிப் பூச்சுக்கு எண்ணெய் போதவில்லை. வாங்கிக்கொண்டு திரும்பியபோது சாணைச் சக்கரம் ஓடிக்கொண்டிருந்தது. மேசையில் ஆறு கத்திகள். ஆறின் நுனியும் வெட்டு தேய்ந்து மொழுமொழுவென்று இருந்தது. ஏழாவது அவன் கையில்.

"என்னங்க பண்றீங்க?"

"நுனியெல்லாம் உடைஞ்சு கிடந்துச்சு. உனக்கு ஒத்தாசையா இருக்கட்டுமேன்னு சமமாக்கிட்டேன்."

"ஏழும் ஒரே இடத்துலயா உடையும்?"

"யாரு கண்டா. வச்சிருந்தவன் கை அப்படி." கத்தியைத் திருப்பிப் பார்த்தான். "இது ஒண்ணுதான் பாக்கி. இதையும் பண்ணிடவா? இல்லேன்னா செட்டு சேராது."

அவள் அதைப் பிடுங்கித் துணியில் சுற்றினாள்.

அருங்காட்சியகத்தில் அதிகாரி அம்மாள் ஒவ்வொரு நுனியையும் விரலால் தடவிப் பார்த்தார். "யாரு பண்ணது இது?"

'என் வீட்டுக்காரர்' என்ற பதிலை வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தாள். வாயில் வந்தது வேறு. "எங்க கடையிலதாங்க."

"உங்களை நம்பித்தானே கொடுத்தேன்." அவர் திட்டவில்லை, பெட்டியை மூடிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கத் தொடங்கினார். திட்டியிருந்தால் அழவாவது முடிந்திருக்கும்.

கடைக்குத் திரும்பியதும் கணவன் டீ வாங்கி நீட்டினான். என்றைக்கும் இல்லாத கரிசனம். "விட்டுத் தள்ளு. அவங்க இல்லேன்னா நம்ம வீட்டு அடுப்பு எரியாதா? கத்தரி குவிஞ்சு கிடக்கு பாரு."

அவள் டீயை வாங்கவில்லை. "நுனி வெட்டுதான் விசேஷம்னு அன்னைக்கு நான் சொன்னது உங்க காதுல விழுந்துச்சா இல்லையா?"

அவன் இல்லை என்று சொன்னால் போதும் என்றிருந்தது அவளுக்கு. இத்தனை வருஷம் காதில் விழாத எத்தனையோ பேச்சுகளோடு இதையும் சேர்த்துவிடலாம்.

"விழுந்துச்சு" என்றான். டம்ளரை மேசையில் வைத்தான். "காலையில போனா சாயங்காலம்தான் வருவேன்னியே, அதுவும் விழுந்துச்சு."

வாசலில் தையல்காரர் வந்து நின்றார். "என்னம்மா, என் கத்தரி ஆச்சா?"

"ஆகலைங்க" என்றாள். "இனிமே அவர்கிட்டயே கேளுங்க."

சக்கரத்தின் முன்னால் இருந்த தன் முக்காலியை இழுத்துச் சுவரோரம் போட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.