பிரிண்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் மூன்று பொருத்தம்

எங்கள் வீட்டுப் பிரிண்டர் வேலை செய்துவிடக் கூடாது என்று நான் வேண்டாத தெய்வம் இல்லை. இத்தனைக்கும் அதைப் புதுக் கம்ப்யூட்டரோடு சேர்த்துவைக்க நாயாய்ப் பேயாய் அலைந்தவளும் நான்தான்.

என் அப்பா ஈஸ்வரபாண்டி, காமயகவுண்டன்பட்டியில் கம்ப்யூட்டர் ஜோதிடர். பிறந்த தேதியும் நேரமும் சொன்னால் போதும், 1999-இல் செய்த அந்தப் பிரிண்டர் ஊரைக் கூட்டுகிற மாதிரி கத்திக்கொண்டு, இரண்டு ஓரத்திலும் வரிசையாக ஓட்டை போட்ட தாளில் ஜாதகத்தைத் துப்பும். போன மாதம் இடி விழுந்து பழைய கம்ப்யூட்டர் செத்துப்போனது. நான் புதிதாக ஒன்று வாங்கி வைத்தேன். பிரிண்டர் வயரின் முனையோ இருபத்தைந்து ஊசியோடு மூன்று விரல் அகலம். புதுக் கம்ப்யூட்டரில் இருப்பதெல்லாம் சுண்டுவிரல் நகம் நுழையாத ஓட்டைகள். தேனியில் கடை கடையாக ஏறி இறங்கி, இரண்டையும் இணைக்கிற ஒரு வயரைப் பிடித்து வந்தேன்.

திரையிலேயே படித்துவிட்டுப் போகலாமே என்று கேட்பீர்கள். அப்பா திரையைப் பார்க்கவே மாட்டார். "கண்ணாடிக்குள்ள இருக்குறது வயித்துப்பிள்ளை ஆத்தா. தாள்ல வந்து விழுந்தாத்தான் பிறந்த கணக்கு" என்பார். இருபத்தைந்து வருடமாக இப்படித்தான். மனிதரோடு வாதாடி ஜெயித்தவர் யாருமில்லை.

இவ்வளவு அவசரத்துக்குக் காரணம் என் கல்யாணம். லோயர் கேம்ப் மின்நிலையத்தில் வேலை பார்க்கும் விஜயபாண்டியை எனக்கு இரண்டு வருடமாகப் பிடிக்கும். அவர் இல்லாமல் இருக்க முடியாது என்கிற அளவுக்குப் பிடிக்கும். இரண்டு வீட்டிலும் மல்லுக்கட்டி ஒப்புக்கொள்ள வைத்தாயிற்று. அவருடைய அப்பா சின்னக்கருப்பு, கெங்குவார்பட்டியில் விவசாயி, ஒரே ஒரு நிபந்தனை போட்டார். பொருத்தம் பத்துக்கு ஆறாவது இருக்க வேண்டும், அதுவும் ஓட்டைத் தாளில் வர வேண்டும். மூத்த மகனுக்கு ஓட்டைத் தாளில் பார்த்தாராம், அமோகமாக இருக்கிறானாம். மகளுக்கு வழுவழுத் தாளில் பார்த்தாராம், மருமகன் சாமியாராகப் போய்விட்டாராம்.

இணைப்பு வயர் வந்த அன்று வீட்டில் யாரும் இல்லை. மாட்டினேன். சோதனைத் தாள் கரக் கரக்கென்று வந்தது. துள்ளிக் குதித்தேன். அத்தோடு எழுந்து போயிருக்கலாம். எங்கள் இரண்டு பேர் பிறந்த தேதியையும் தட்டிப் பார்த்தேன். பத்துக்கு நாலு என்றது திரை. அதிலும் தாலி பலத்துக்குப் பார்க்கிற ரஜ்ஜுப் பொருத்தம் இல்லை. ரஜ்ஜு இல்லாத ஜாதகத்தை அப்பா கையாலும் தொட மாட்டார்.

சோதனைத் தாளைச் சுக்குநூறாகக் கிழித்தேன். இரண்டு வயரும் சேரும் இடத்தில் ஒரு நூல் அளவு இழுத்து வைத்தேன். பார்த்தால் மாட்டியிருப்பது போலவே இருக்கும். அப்பா வந்ததும், "சேர மாட்டேங்குதுப்பா" என்றேன்.

அப்பா பிரிண்டரைத் திருப்பி, முதுகில் ஒட்டியிருந்த தேதியை நோட்டில் குறித்துக்கொண்டார். கம்ப்யூட்டரை முதன்முதலில் சுவிட்ச் போட்ட நேரத்தை ஏற்கெனவே குறித்து வைத்திருந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் கையாலேயே கணக்குப் போட்டார்.

"எப்படிச் சேரும்? மூணு பொருத்தந்தான் இருக்கு. இருபத்தஞ்சு வயசு வித்தியாசம் வேற. அது போக கம்ப்யூட்டருக்குச் செவ்வாய் தோசம்."

தோஷமுள்ள பெண்ணுக்கு என்ன செய்வார்களோ அதையே செய்வது என்று முடிவானது. முதலில் வாழைமரத்துக்குக் கட்டிவைத்து, மரத்தை வெட்டித் தோஷத்தைக் கழித்துவிட்டு, அப்புறம் பிரிண்டரோடு சேர்ப்பது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பொருத்தத் தாளுக்காக மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கியபோது, கொல்லையில் கம்ப்யூட்டர் காத்திருக்க, வாழைக்கு அம்மா மஞ்சள் பூசிக்கொண்டிருந்தாள். சிரித்துவிட்டுக் காரைத் திருப்புவார்கள் என்று நினைத்தேன். சின்னக்கருப்பு மாமா விஷயத்தைக் கேட்டதும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றார்.

"சம்மந்தி, எங்கன கட்டுவீக? முகம் டிவிப் பொட்டியில இருக்கு, உசிரு கீழப் பொட்டியில இருக்கு."

"உசிருக்குத்தான் கட்டணும்" என்றார் அப்பா.

விஜயபாண்டியாவது சிரிப்பார் என்று பார்த்தேன். படித்த மனுஷன். அவர் ஈரத்தரையைப் பார்த்துவிட்டு, "மாமா, அடியில பலகை போட்டுருவோம். நனைஞ்சா போர்டு போயிரும்" என்று பலகை தேடப் போனார். எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பலகையாலேயே ஒரு போடு போட்டிருப்பேன்.

மஞ்சள் கயிற்றை வாழைக்கும் கம்ப்யூட்டர் பெட்டிக்குமாகச் சேர்த்துக் கட்டினார்கள். அட்சதை போட்டார்கள். அடுத்த நிமிடம் சின்னக்கருப்பு மாமா அரிவாளை ஓங்கி வாழையைச் சாய்த்தார். அம்மா பழக்கதோஷத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புத்தம்புதுக் கம்ப்யூட்டர் விதவையாகி, பலகை மேலேயே வீட்டுக்குள் வந்தது.

எல்லோரும் சுற்றி நிற்க, எங்கள் ஜாதகத்தைத் தட்டி, யாரும் பார்க்குமுன் திரையை அணைத்துவிட்டு, வயரை மறுபடி ஒரு நூல் தள்ளியே மாட்டி, பட்டனை அழுத்தினேன். சத்தமே இல்லை. "அங்கன பாருங்க, இன்னமும் சேரல" என்றேன், குரலை வருத்தமாக வைத்துக்கொண்டு.

விஜயபாண்டிக்குப் பழுதாகக் கிடக்கும் எதைப் பார்த்தாலும் கை சும்மா இருக்காது. அந்தக் குணத்துக்காகத்தான் எனக்கு அவரைப் பிடித்துப்போனது. மேசைக்குப் பின்னால் குனிந்தார். "வேணாங்க, ஷாக் அடிக்கும்!" என்று கத்தினேன். "கரண்ட்டாபீஸ்காரனையேவா?" என்று சிரித்துக்கொண்டே வயரை அழுத்தினார்.

கரக் கரக் கரக்.

மாமா இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார். தாள் வந்தது. அப்பா கிழித்தெடுத்து, கண்ணாடியைச் சரிசெய்து, முழுவதும் படித்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். இருபத்தைந்து வருடத்தில் வாடிக்கையாளர் முகம் கோணுமே என்று ஒரு கட்டத்தைக்கூட மாற்றிச் சொல்லாதவர் அவர்.

"எட்டு" என்றார்.

"ரஜ்ஜு?"

"தங்கமா இருக்கு சம்மந்தி."

"குடுங்க, சாமி படத்துக்கிட்ட வச்சுக்கிர்றேன்" என்று மாமா கையை நீட்டினார்.

அப்பா தாளை நெஞ்சோடு மடித்துக்கொண்டார். "ஆகாது ஆகாது. தோசம் கழிச்சு வர்ற முதத் தாளு, மிச்சத் தோசத்தைச் சுமந்துக்கிட்டு வரும். பொண்ணு கையால தண்ணியில விட்டுறணும். வீட்டுக்குக் கொண்டுபோனா மூத்தவரும் சாமியாராப் போயிருவாக."

மாமா நெருப்பைத் தொட்டவர் போலக் கையை இழுத்துக்கொண்டார். கேசரி சாப்பிட்டு, நாள் குறித்து, சந்தோஷமாகக் கிளம்பினார்கள்.

நானும் அப்பாவும் வாய்க்காலுக்கு நடந்தோம். பாதி வழியில் அழுகை வந்துவிட்டது.

"நாலுதானப்பா இருந்துச்சு."

"தெரியும். அந்தப் பையன் தேதி கெடச்ச அன்னைக்கே கையால போட்டுப் பாத்துட்டேன். தாள்ல வரட்டும், தப்பாக்கூட இருக்கலாம்னு கெடந்தேன். எனக்கும் உங்கம்மாவுக்கும் ஒம்பது ஆத்தா. ஒரு நாளு நிம்மதியாச் சோறு தின்னுருக்கமா?"

"பெறகு எதுக்கு அந்த வாழைக்கூத்து?"

அப்பாவுக்குக் கோபம் வந்தது. "அதுகளுக்கு நெசமாவே தோசம் இருந்துச்சு. நீ வயரை உருவாம இருந்தாலும் சேந்துருக்காது."

தாளைத் தண்ணீரில் விட்டேன். பத்தடி போவதற்குள் ஆகாயத்தாமரையில் மாட்டி, நாலு என்று போட்ட பக்கத்தை மேலே காட்டிக்கொண்டு விரிந்து நின்றது. கரையோரச் சாலையில், ஊர்க் கோயிலில் கும்பிட்டுவிட்டு மாப்பிள்ளை வீட்டுக் கார் மெதுவாக வந்துகொண்டிருந்தது. நான் பட்டுப்புடவையோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினேன்.

அப்பா கரையில் நின்றுகொண்டு, காரைப் பார்த்துச் சிரித்தபடி கையசைத்தார். உதட்டை அசைக்காமல் என்னிடம் சொன்னார்:

"அமுக்கு ஆத்தா, நல்லா அமுக்கு."