மெஷின் அண்ணா

கல்லூரி முதல்வர் தன் கைபேசியில் கேள்வியைத் தட்டிவிட்டு, அதை எல்லோருக்கும் தெரியும்படி மேஜையின் நடுவில் வைத்தார். பார்வையிட வந்திருந்த குழுவினர் மூவரும் எட்டிப் பார்த்தார்கள். பதில் வரவில்லை. வராது என்பது அந்த அறையில் ஒருவருக்குத்தான் தெரியும். பதில் சொல்ல வேண்டியவர் புள்ளிவிவரக் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு, சுவரோர நாற்காலியில் நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தார்.

அவர் நூலகர். கல்லூரி பாதிப் பாடங்களை இணையத்துக்கு மாற்றியபோது, படிப்பறையைப் பாடம் ஒளிப்பதிவு செய்யும் கூடமாக்கினார்கள். பின்னணிக்கு எடுப்பாக இருக்கிறது என்று ஓர் அலமாரியை மட்டும் அங்கேயே விட்டுவைத்தார்கள். அதிலிருந்து புத்தகம் எடுக்கக் கூடாது; படத்தில் பொக்கை தெரியுமாம். மற்ற புத்தகங்களோடு நூலகரும் கீழ்த்தளப் பின்னறைக்குப் போனார். கல்லூரி இணையதளத்தின் கீழ் மூலையில் ‘நூலக உதவி’ என்று ஒரு சின்னப் பெட்டி முளைத்தது. மாணவர்கள் எங்கெங்கோ இருந்து அதில் கேள்வி கேட்பார்கள். பின்னறையில் இவர் இரண்டு விரலால் பதில் தட்டுவார்.

பிசகு அவருடைய நடையில்தான் இருந்தது. “வணக்கம். தங்கள் கேள்விக்கு நன்றி. சற்றுப் பொறுத்திருக்கவும்” என்று ஒவ்வொரு முறையும் ஓர் எழுத்து பிசகாமல் தட்டினார். மாணவர்கள் மெஷின் என்று முடிவுகட்டிவிட்டார்கள். ‘நீ எந்த வெர்ஷன்?’ என்று ஒருவன் கேட்டதற்கு, “இக்கேள்வி நூலகத்தின் எல்லைக்குள் வராது” என்று பதில் அனுப்பினார். மிச்சமிருந்த சந்தேகமும் அத்தோடு தீர்ந்தது.

போன வருடம் வந்த முதல்வரும் அப்படியே நம்பினார். நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பேருக்குத் திருப்தி என்ற அறிக்கையைப் படித்துப் பூரித்து, ஒரு கடிதம் போட்டார். தானியங்கி உதவி இவ்வளவு சிறப்பாக நடப்பதால், குழு ஒப்புதல் தந்ததும் திங்கட்கிழமை முதல் நூலகர் தேர்வுப் பிரிவுக்குப் போய் விடைத்தாள் கட்டலாம். நூலகர் ஓடிப்போய், “சார், அது நான்தான்” என்றார். முப்பது வருடமாகச் சிரிக்கச் சொன்னாலும் சிரிக்காதவர் என்று பேரெடுத்த மனிதர் ஒருவழியாக ஜோக் அடித்துவிட்டார் என்று முதல்வர் அவர் தோளில் தட்டிக்கொடுத்து அனுப்பினார்.

வீட்டில் சொல்லி அழலாம் என்று பார்த்தால், மனைவி கத்திரிக்காய் நறுக்குவதை நிறுத்தக்கூட இல்லை.

“பசங்களை ஏன் குத்தம் சொல்றீங்க? உங்களோட இத்தனை வருஷமா குடித்தனம் நடத்துற எனக்கே அப்பப்போ அந்தச் சந்தேகம் வரும்.”

“நான் என்னடி அப்படிப் பண்ணிட்டேன்?”

“கல்யாணத்தன்னிக்கு என்னைப் பார்த்து முதல்ல என்ன சொன்னீங்க? ‘தங்கள் வருகைக்கு நன்றி’ன்னு.”

அவருக்கு அது நினைவில்லை. ஆனால் சொல்லியிருக்கக்கூடியவர்தான்.

இப்போது முதல்வர் கைபேசியைத் தூக்கி ஒருமுறை குலுக்கிப் பார்த்தார். “நெட் ஸ்லோ போல. சார், நீங்க கீழ போய் அந்த மெஷினைக் கொஞ்சம் என்னன்னு பாருங்களேன். ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சரியாயிடும்.”

“சார், அதான் போன வாரமே...”

“அப்புறம் பேசலாம் சார். மேடம் வெயிட் பண்றாங்க.”

நூலகர் இருபத்திரண்டு படிகள் இறங்கினார். பேசாமல் ஐந்து நிமிடம் நின்றுவிட்டுத் திரும்பிவிடலாம், தானாக உண்மை வெளிவந்துவிடும் என்றுதான் நினைத்துக்கொண்டு போனார். ஆனால் திரையில் முதல்வரின் கேள்வி கிடந்தது: பழைய ஆய்வேடுகளை எத்தனை வருடம் பின்னோக்கித் தேடலாம்? பதில் தெரிந்த கேள்வியை அப்படியே போட்டுவிட்டு வருவது, அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஊருக்குக் கிளம்புவது மாதிரி இருந்தது அவருக்கு. உட்கார்ந்து தட்டினார். மேலே வந்தபோது முதல்வர் முகத்தில் வெளிச்சம்.

“சூப்பர் சார்! என்ன பண்ணீங்க?”

“உட்கார்ந்தேன் சார்.”

குழுவில் இருந்த கணக்குப் பேராசிரியை அடுத்த கேள்வியைத் தட்டினார். மறுபடியும் மௌனம். மறுபடியும் இருபத்திரண்டு படி. திரும்பி வந்தவரைப் பேராசிரியை மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“இவர் கீழ போனா வேலை செய்யுது, மேல வந்தா நின்னுடுது. விசித்திரமா இல்ல?”

“ராசி மேடம், ராசி” என்றார் முதல்வர்.

மூன்றாவது கேள்வி போனது. “போங்க சார்” என்றார் முதல்வர்.

“மூட்டு வலிக்குது சார். கொஞ்சம் உட்கார்ந்துக்கிறேன்.”

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் செய்த முதல் போராட்டம் அது. ஒரு நிமிடம் போனது. இரண்டு. முதல்வரின் நெற்றியில் வியர்வை துளிர்த்தது. குழுவில் ஒருவர் தொண்டையைச் செருமினார். இன்னும் இரண்டே நிமிடம் அசையாமல் இருந்தால் போதும், வேலை தப்பிவிடும். நூலகர் நாற்காலியின் கைப்பிடிகளை இறுகப் பற்றிக்கொண்டார்.

சட்டைப்பையில் கைபேசி அதிர்ந்தது. பெட்டியில் யாராவது காத்திருந்தால் அப்படி அதிரும்; பதிலைக் கீழே கணினியில்தான் தட்ட முடியும்.

‘மெஷின் அண்ணா, இருக்கீங்களா? 212ஆம் பக்க அட்டவணை ஸ்கேன்ல பாதி வெட்டுப்பட்டிருக்கு. 12 மணிக்குள்ள கட்டுரை அனுப்பணும். ஓனர் சாப்பிடப் போயிருக்கார். வந்துட்டா போனைத் தொட முடியாது.’

மருந்துக் கடையில் நின்றுகொண்டே படிக்கும் பெண். மூன்றாவது முறையாக அதே பாடத்தை எழுதுகிறாள். மாத்திரைப் பெட்டிகளுக்கு நடுவிலிருந்து கேள்வி கேட்பாள். பதில் கிடைத்ததும் மெஷினுக்குப் போய் நன்றி சொல்கிற ஒரே ஆள். அந்தப் பக்கத்தை வெட்டுப்பட ஸ்கேன் செய்தது யார் என்பதும் நூலகருக்குத் தெரியும். சுவர்க்கடிகாரத்தில் மணி பதினொன்று ஐம்பது.

எழுந்தார். மூட்டு சடக்கென்றது.

“எங்க சார்?”

“மெஷின் கூப்பிடுது சார்.”

“நானும் வர்றேன்” என்று எழுந்தார் பேராசிரியை. “அதை ஒருதடவை நேர்ல பார்த்துடணும்.”

அதற்குள் நூலகர் பாதிப் படி இறங்கியிருந்தார். பின்னால் யார் வருகிறார்கள் என்பது அவர் மனதில் இல்லை. பின்னறை அலமாரியின் அடித்தட்டிலிருந்து தடிமனான புத்தகத்தை இழுத்து மேஜையில் போட்டார். அது திறந்து நிற்க மாட்டேன் என்றது. இடது முழங்கையால் ஒரு பக்கத்தை அழுத்தினால் மறுபக்கம் புரண்டது. வலது கையில் கைபேசி. குனிந்தால் அவர் தலை நிழலே அட்டவணையின் மேல் விழுந்தது.

“கொஞ்சம் இருங்க” என்று ஒரு குரல் கேட்டது. பேராசிரியை மேஜையின் மறுபக்கம் வந்து, புரண்ட ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தார். “எடுங்க சார், எடுங்க.”

வாசலில் முதல்வர் மூச்சு வாங்க நின்றார். அவர் கையில் இருந்த கைபேசியில் மூன்றாவது கேள்வி இன்னும் பதிலில்லாமல் கிடந்தது. அவர் அதைப் பார்த்தார், நூலகரின் முதுகைப் பார்த்தார், படத்தைக் கணினியில் ஏற்றித் தட்டிக்கொண்டிருந்த இரண்டு விரலையும் பார்த்தார்.

படம் போய்ச் சேர்ந்தது. அட்டவணை முழுதாக, ஒரு வரிகூட வெட்டுப்படாமல் இருந்தது. வலது ஓரத்தில் மட்டும், மைக்கறை படிந்த நகத்தோடு ஒரு கட்டைவிரல்.

அந்தப் பக்கம் படத்தைப் பார்த்துவிட்டாள் என்பதற்கு அடையாளம் வந்தது. பிறகு திரையின் அடியில் மூன்று புள்ளிகள் எழுந்து எழுந்து அமர்ந்தன. அவள் எதையோ எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கமாகக் குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அந்தப் புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.