விசில், லத்தி, தொப்பி

பள்ளிக்கூடம் நடத்துவதும் வாட்ச்மேன் அனுப்புவதும் ஒன்றுதான் என்று நினைக்கிறவரிடம் வேலை பார்த்தால் என்ன ஆகும்? யுவராணி டீச்சருக்கு ஆனதுதான் ஆகும்.

முத்தாபுதுப்பேட்டையில் அந்தத் தனியார் பள்ளி தொடங்கிய நாள் முதல் தமிழ் எடுக்கிறவள் அவள். தாளாளர் பக்தவத்சலத்துக்கு செக்யூரிட்டி ஏஜென்சியும் உண்டு. ஆவடிப் பக்கத்துக் கம்பெனிகளுக்கும் ஃபிளாட்டுகளுக்கும் காவலாளிகளை அனுப்புவார். பிடிக்காதவரை மறுநாளே தூக்கிவிடுவார். அந்த ருசி பள்ளிக்கும் வந்துவிட்டது.

சனிக்கிழமை மதியம் ஸ்டாஃப் ரூமில் ஆளுக்கொரு புது ஒப்பந்தம் நீட்டினார். பழையதில், ஒருவரை நீக்க வேண்டுமென்றால் காரணத்தை எழுதித் தந்து, மூன்று மாத அவகாசமும் கொடுக்க வேண்டும். புதியதில் அதெல்லாம் போயே போச்சு. எந்த நேரத்திலும், காரணம் சொல்லாமல், அன்றே அனுப்பலாம்.

“சும்மா ஃபார்மாலிட்டிதான். கையெழுத்து போட்டுட்டுக் கிளம்புங்க.”

யுவராணிக்குப் பயம். கணவன் அருளை லேத் பட்டறையிலிருந்து இப்படித்தான் ஒரு மதியம் வீட்டுக்கு அனுப்பினார்கள். இப்போது குடும்பம் ஓடுவது அவள் சம்பளத்தில். போட்டால் என்றைக்காவது வேலை போகும், போடாவிட்டால் இன்றைக்கே போகும். போட்டுத் தொலைக்கலாம் என்றுதான் பேனாவைத் திறந்தாள். ஆனால் விடைத்தாள் திருத்திப் பழகிய கண் சும்மா இருக்குமா? கடைசி வரியில் போய் நின்றது.

“சார், ஒரு சந்தேகம்.” எழுந்து உரக்கப் படித்தாள். “‘நீக்கப்படும் ஆசிரியர் தம்மிடமுள்ள விசில், லத்தி, தொப்பி ஆகியவற்றை ஒப்படைத்துவிட்டு வெளியேற வேண்டும்.’”

பி.டி. மாஸ்டர் கஜபதி தொடையில் தட்டிச் சிரித்தார். “இன்னா சார் இது! விசில் என்கிட்ட கீது. லத்தி எப்ப சார் குடுப்பீங்க?”

வாட்ச்மேன் ஒப்பந்தத்தில் ‘காவலாளி’யை அழித்து ‘ஆசிரியர்’ என்று போட்ட மகராசன் மீதியைப் படிக்கவே இல்லை. அறையே சிரித்தது. சிரித்து ஓய்ந்தபோது எல்லாருக்கும் கோபம் வந்திருந்தது.

“டைப்பிங் மிஸ்டேக், டீச்சர். அந்த வரிய அடிச்சிட்டுப் போடுங்க.”

“வரிய அடிச்சிட்டா போதுமா சார்? வாட்ச்மேனையே இப்படி அனுப்பக் கூடாது. நான் கையெழுத்து போட மாட்டேன்.”

“அப்ப திங்கக்கிழமைலேர்ந்து நீ வராத!”

இத்தனை வருஷம் ‘டீச்சர்’ என்ற வாயில் ‘நீ’ வந்துவிட்டது. அந்த ஒரு சொல்லில் யுவராணியின் பயம் எங்கே போனதென்று தெரியவில்லை.

“வருவேன் சார். புதுசுல நான் கையெழுத்து போடல, அதனால பழசுதான் செல்லும். மூணு மாசம் டைம் குடுங்க. காரணத்த எழுதிக் குடுங்க.”

கஜபதி தன் பேனாவை மூடினார். காவ்யா மிஸ்ஸும் மூடினாள். பிறகு வரிசையாக எல்லாரும்.

யுவராணி பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“பிழையில்லாம எழுதுங்க சார். நான் திருத்துவேன்.”